புரோட்டான் சிகிச்சை: கடைசி ஐந்து மில்லிமீட்டரை வைத்து ஒரு மதிப்புரை

புற்றுநோய்க் கட்டிக்கு வழக்கமான எக்ஸ்ரே கதிருக்குப் பதிலாகப் புரோட்டான் துகள்களைப் பாய்ச்சுவதுதான் புரோட்டான் சிகிச்சை. அதைப் பற்றிய எந்தக் கையேட்டை எடுத்தாலும் அதே படம்தான் இருக்கும். தோலுக்குள் குறைந்த டோஸோடு நுழைந்து, கட்டியில் உச்சத்தைத் தொட்டு, அதைத் தாண்டியதும் செங்குத்தாகச் சரியும் ஒரு கோடு. பிராக் உச்சம் என்பது அதுதான். கோட்டில் பொய் இல்லை, ஆனால் அது தண்ணீர்த் தொட்டியில் அளந்த கோடு. தண்ணீரில் முறிவதற்கு டி.என்.ஏ. இல்லை, முறிந்ததை ஒட்ட நொதியும் இல்லை. கட்டியிலும், அதற்குப் பின்னால் இருக்கும் மூளைத்தண்டிலும் செல்கள் இருக்கின்றன. விழுந்த டோஸ் எவ்வளவு என்பதோடு, அது எவ்வளவு நெருக்கமாக விழுந்தது என்பதும் செல்லுக்கு முக்கியம். இந்தச் சேவையைச் செல்லின் பக்கம் நின்று எடைபோடுவதே இங்கே நோக்கம்.

முதலில் எந்திரம். சென்னை தரமணியில் அப்போலோ புரோட்டான் மையம் 2019 ஜனவரியில் திறக்கப்பட்டது. தெற்காசியாவில் அதுதான் முதல் புரோட்டான் மையம். பெல்ஜியத்தின் ஐ.பி.ஏ. நிறுவனம் செய்த புரோட்டியஸ் பிளஸ் சாதனம், மூன்று சிகிச்சை அறைகள், அவற்றில் இரண்டில் நோயாளியைச் சுற்றி வரும் கேன்ட்ரி. நவி மும்பை கார்கரில் டாடா நினைவு மையத்தின் புரோட்டான் பிரிவு 2023 முதல் இயங்குகிறது. உலகின் பெரும்பாலான புதிய மையங்களைப் போல இரண்டுமே ஊசிக்கற்றை முறையில் வேலை செய்கின்றன. துகள்களை வேகப்படுத்தும் சைக்ளோட்ரான் எந்திரத்திலிருந்து சுமார் 230 மெகா எலக்ட்ரான் வோல்ட் ஆற்றலில் வெளிவரும் புரோட்டானை ஒரு தடுப்புப் பொருளின் வழியே செலுத்தி, தேவையான வேகத்துக்குக் குறைக்கிறார்கள். 70 மெகா எலக்ட்ரான் வோல்ட் என்றால் தண்ணீரில் 4 செ.மீ. போகும். 150 என்றால் ஏறக்குறைய 16 செ.மீ., உச்ச ஆற்றலில் 32 செ.மீ. வரை. கட்டியை ஆழவாரியாகத் தோசைபோல் அடுக்கடுக்காகப் பிரித்துக்கொண்டு, ஆழமான அடுக்கில் தொடங்கிப் புள்ளி புள்ளியாக வருடி மேலேறி வருகிறது கற்றை. ஒரு கோணத்திலிருந்து கற்றை பாயும் நேரம் பெரும்பாலும் ஒன்றிரண்டு நிமிடம்தான். அறைக்குள் போகும் அரை மணி நேரத்தில் மீதியெல்லாம் முகமூடியை மாட்டி, படம் எடுத்து, மில்லிமீட்டர் கணக்கில் படுக்கையைச் சரிசெய்வதற்கே ஆகிறது. வழக்கமான அளவு ஒரு சிட்டிங்குக்கு 1.8 முதல் 2 கிரே (திசு வாங்கும் கதிர் டோஸின் அலகு). வாரத்துக்கு ஐந்து நாள், ஆறேழு வாரம். எக்ஸ்ரேயில் 'கரண்ட் வைக்கும்'போது இருக்கும் அதே அட்டவணைதான்.

டோஸை இடம் பார்த்துக் கொண்டுபோய்ச் சேர்ப்பதில் இந்த எந்திரத்துக்கு முழு மதிப்பெண் கொடுக்கலாம். கட்டிக்கு அப்பால் எக்ஸ்ரே சிந்திக்கொண்டே போகும் டோஸ் இதில் கிட்டத்தட்ட இல்லை. கேள்வி எழுவது கற்றை நிற்கும் இடத்தில்.

எக்ஸ்ரே 1 கிரே பட்டால் ஒரு செல்லின் டி.என்.ஏ.வில் சுமார் ஆயிரம் ஒற்றை இழை முறிவுகளும், முப்பது நாற்பது இரட்டை இழை முறிவுகளும் ஏற்படும். அதே 1 கிரே புரோட்டானில் எண்ணிக்கை பெரிதாக மாறுவதில்லை, முறிவுகளுக்கு இடையிலான தூரம்தான் மாறுகிறது. வேகமாகப் போகும் புரோட்டான் உடலுக்குள் நுழையும்போது ஒரு மைக்ரோமீட்டருக்கு அரை கிலோ எலக்ட்ரான் வோல்ட் அளவு ஆற்றலை உதிர்க்கிறது. கட்டியின் நடுவில் அது இரண்டு, மூன்றாகிறது. நிற்கப்போகும் கடைசி மில்லிமீட்டர்களில் பத்தையும் தாண்டுகிறது. வேகம் குறையக் குறைய ஒவ்வோர் அணுவையும் அது அதிக நேரம் உரசிச் செல்வதுதான் காரணம். ஒரு மைக்ரோமீட்டருக்கு உதிரும் இந்த ஆற்றலின் அளவைத் துறையில் எல்.இ.டி. (LET) என்பார்கள்.

தாம்புக்கயிற்றை நினைத்துக்கொள்ளுங்கள். ஒரு புரியை இங்கும், மற்றொரு புரியை நான்கு முழம் தள்ளியும் அறுத்தால் கயிறு தாங்கும், திரித்துச் சேர்த்துவிடலாம். இரண்டு புரியையும் ஒரே சாணுக்குள் நாலைந்து இடத்தில் அறுத்து, முனைகளும் பிய்ந்துபோனால் எதை எதோடு சேர்ப்பது? கொத்துச் சேதம் என்பது இதுதான். செல்லிடம் இதற்கு இரண்டு பழுதுபார்க்கும் வழிகள் உண்டு. ஒன்று, முறிந்த முனைகளைப் பிடித்து அப்படியே ஒட்டிவிடுவது. கேயு70, கேயு80 என்ற புரதங்கள் முனைகளைக் கவ்விக்கொள்ள, மற்றவை வந்து ஒட்டும். வேகமான வழி, பிழையும் நேரும். மற்றொன்று, பக்கத்திலிருக்கும் நகலைப் பார்த்து விட்டுப்போனதை எழுதி நிரப்புவது. பி.ஆர்.சி.ஏ.1, பி.ஆர்.சி.ஏ.2, ராட்51 ஆகிய புரதங்கள் இந்த வழிக்கு வேண்டும், செல் தன் டி.என்.ஏ.வை நகலெடுத்து முடித்திருக்கவும் வேண்டும். முனைகள் பிய்ந்த கொத்துச் சேதத்தில் முதல் வழி தடுமாறுகிறது, இரண்டாவது வழியின் மேல் சுமை கூடுகிறது. அதனால்தான் இரண்டாவது வழி பழுதான செல்கள் எக்ஸ்ரேயைவிடப் புரோட்டானில் கூடுதலாகச் சாவதை ஆய்வகங்களில் பார்க்க முடிகிறது. பி.ஆர்.சி.ஏ. குறை உள்ள கட்டிகளுக்கு இதில் ஒரு வாய்ப்பு இருக்கலாம். ஆனால் அந்தக் காரணத்தைச் சொல்லி ஒருவருக்குப் புரோட்டானைப் பரிந்துரைக்கும் நிலை இன்னும் வரவில்லை. அப்படி யாராவது சொன்னால் ஆதாரம் கேளுங்கள்.

இந்தக் கூடுதல் தாக்கத்தை மருத்துவமனை எப்படிக் கணக்கில் கொள்கிறது? 1.1 என்ற ஒரே எண்ணால். ஆர்.பி.இ. எனப்படும் ஒப்பீட்டு உயிரியல் திறன் அது. புரோட்டானுக்கு எக்ஸ்ரேயைவிடப் பத்து சதவீதம் வீரியம் அதிகம் என்று எடுத்துக்கொண்டு, எல்லாக் கட்டிக்கும், எல்லா உறுப்புக்கும், எல்லா ஆழத்துக்கும் அதையே போடுகிறார்கள். திட்டத் தாளில் 54 கிரே ஆர்.பி.இ. என்று இருந்தால், உடலில் உண்மையில் விழுவது அதை 1.1-ஆல் வகுத்தால் வரும் 49.1 கிரே.

இந்த எண் தப்பு என்று சொல்லிவிட முடியாது. கட்டியைப் பொறுத்தவரை அது பாதுகாப்பான எண், ஏனென்றால் கட்டிக்குக் குறைவாகக் கொடுத்துவிடக் கூடாது என்ற எச்சரிக்கை அதில் இருக்கிறது. கற்றையின் வால் பகுதியில்தான் அது காலை வாரிவிடுகிறது. அதுவரை வெளிவந்த செல் பரிசோதனைகளைத் திரட்டி 2014-இல் மருத்துவ இயற்பியலாளர் ஹரால்ட் பகனெட்டி வெளியிட்ட ஆய்வில், 2 கிரே அளவுக்கு நுழைவில் 1.1, நடுவில் 1.15, கடைசி விளிம்பில் 1.35, அதற்கப்பாலான சரிவில் 1.7 என்று சராசரிகள் கிடைத்தன. இதைக் கணக்குப் போட்டுப் பார்த்தால்தான் கனம் தெரியும். 30 சிட்டிங், ஒவ்வொன்றும் 2 கிரே ஆர்.பி.இ. டோஸ் பாதியாகக் குறையும் சரிவில் ஒரு மூளைத்தண்டுச் செல் இருக்கிறது. திரையில் அதற்கு மொத்தம் 30 கிரே என்று காட்டும். உண்மையில் விழுந்தது 27.3. அந்த இடத்தில் வீரியம் 1.7 என்று வைத்துக்கொண்டால், அந்தச் செல் அனுபவிப்பது 46. வண்ணப்படத்தில் நீலமாகத் தெரியும் இடம் உண்மையில் மஞ்சளாக இருக்க வேண்டியது. சரிவு சில மில்லிமீட்டரே என்பதால் பல நேரம் இது பொறுத்துக்கொள்ளக்கூடியது. அந்தச் சில மில்லிமீட்டரில் இருப்பது எந்த உறுப்பு என்பதுதான் விஷயம்.

இன்னொரு நுணுக்கமும் உண்டு. மூளை, தண்டுவடம் போல மெதுவாக, வருடங்கள் கழித்துப் பாதிப்பைக் காட்டும் திசுக்களுக்கு இந்த வீரியம் கூடுதல். ஒரு சிட்டிங்குக்கான டோஸ் குறையக் குறையவும் வீரியம் ஏறுகிறது. இரண்டும் சேர்வது கட்டிக்குப் பக்கத்தில் இருக்கும் நல்ல திசுவில்தான்.

அந்தச் சராசரிகளை வேத வாக்காக எடுத்துக்கொள்ளவும் கூடாது. அவை எப்படிக் கிடைக்கின்றன என்று தெரிந்தவர்களுக்கு அதன் காரணம் புரியும். அடிப்படைச் சோதனை எளிமையானதுதான். 25 சதுர செ.மீ. குடுவையில் செல்களை விதைத்து, கதிர் காட்டி, பத்திலிருந்து பதினான்கு நாள் வளர்த்து, கிரிஸ்டல் வயலட் சாயம் ஏற்றி எண்ணுவார்கள். ஊதாப் பொட்டு ஒவ்வொன்றும், தப்பிப் பிழைத்த ஒரு செல்லின் வம்சம். 50 செல்லுக்குக் குறைந்த பொட்டு கணக்கில் வராது. கதிர் படாத குடுவையில் இருநூறு செல் போதும். 6 கிரே படப்போகும் குடுவையில் ஆயிரக்கணக்கில் விதைக்க வேண்டும், இல்லையென்றால் எண்ணுவதற்குப் பொட்டே மிஞ்சாது. எக்ஸ்ரேயில் ஒரு வளைகோடு, புரோட்டானில் ஒரு வளைகோடு. இரண்டும் ஒரே அளவு செல்லைக் கொல்ல எத்தனை கிரே ஆயிற்று என்று வகுத்தால் ஆர்.பி.இ.

கோட்டைவிடுவது குடுவையை நிறுத்தி வைக்கும் இடத்தில். படுக்கைவாட்டில் வரும் கற்றைக்கு எதிரே குடுவையை நிமிர்த்தி, ஊட்டநீரைக் கழுத்துவரை நிரப்ப வேண்டும். ஓரத்தில் ஒரு காற்றுக்குமிழி தங்கினால் அந்த வழியாகப் போகும் புரோட்டான் கூடுதல் தூரம் போய்விடும். குடுவைச் சுவர் ஒரு மில்லிமீட்டருக்கு மேல் கனமுள்ள பாலிஸ்டைரீன். அதற்குச் சமமான தண்ணீரின் கனத்தைக் கணக்கிட்டுச் சேர்க்க வேண்டும். உச்சத்தின் பின்சரிவில் ஒரு மில்லிமீட்டர் தவறினாலே டோஸ் பத்து சதவீதத்துக்கு மேல் மாறிவிடும். ஆக, 'வால் பகுதியில் வீரியம் அதிகம்' என்று வரும் முடிவில் ஒரு பகுதி, குடுவை அரை மில்லிமீட்டர் முன்னால் இருந்ததால் வந்ததாகவும் இருக்கலாம். டோஸைச் சரிபார்க்கக் குடுவைக்குப் பின்னால் படச்சுருள் வைத்தால், எல்.இ.டி. ஏறிய இடத்தில் அந்தப் படச்சுருளே டோஸைக் குறைத்துக் காட்டும். அயனி அறையால் (கதிர் காற்றில் உண்டாக்கும் மின்னூட்டத்தை வைத்து டோஸை அளக்கும் கருவி) அளந்து சரிபார்க்காத சோதனையை அதனால்தான் நம்பக் கூடாது. ஒப்பிடும் எக்ஸ்ரே எது என்பதிலும் குளறுபடி உண்டு. 200 கிலோ வோல்ட் எக்ஸ்ரேக்கே கோபால்ட் கதிரைவிட வீரியம் சற்று அதிகம். அதோடு ஒப்பிட்டால் புரோட்டானின் எண் இறங்கிவிடும். போதாக்குறைக்கு, பழைய தரவில் பெரும்பங்கு வி79 என்ற சீன வெள்ளெலிச் செல்லிலிருந்து வந்தது. மனித மூளைத்தண்டின் சார்பில் அது பேசும் என்று எதிர்பார்க்க முடியாது. இத்தனை சிதறலுக்கு நடுவே 1.1-ஐ விட்டுவிட மையங்கள் தயங்குவது நியாயமே. எண்ணை மாற்றாமல், கற்றையை எங்கே நிறுத்துவது என்பதில் கவனமாக இருப்பதே இப்போதைக்குச் சரியான வழி.

நல்ல மையத்தையும் சுமாரான மையத்தையும் பிரித்துக் காட்டுவது அந்தக் கவனம்தான். குழந்தைகளின் பின்மூளைக் கட்டிகளில் இது தெளிவாகத் தெரிந்தது. அமெரிக்காவில் புரோட்டான் எடுத்துக்கொண்ட குழந்தைகள் சிலருக்கு மூளைத்தண்டில் பாதிப்பு வந்ததைத் தொடர்ந்து, மூளைத்தண்டுக்கான டோஸ் வரம்புகளை மையங்கள் இறுக்கின. எபெண்டிமோமா என்ற மூளைக் கட்டிக்கான சிகிச்சைக்குப் பின் எம்.ஆர்.ஐ.யில் தெரிந்த மாற்றங்கள் எல்.இ.டி. கூடிய இடங்களோடு ஒத்துப்போவதாக அமெரிக்காவின் எம்.டி. ஆண்டர்சன் புற்றுநோய் மையக் குழு 2016-இல் காட்டியது. அதன்பின் நடைமுறை மாறியிருக்கிறது. மூளைத்தண்டை நோக்கி நேராகக் கற்றையைச் செலுத்தி அதன் முகப்பில் நிறுத்துவதைத் தவிர்க்கிறார்கள். இரண்டு மூன்று கோணங்களில் பிரித்து, எல்லா வால்களும் ஒரே இடத்தில் குவியாமல் பார்த்துக்கொள்கிறார்கள். உறுப்பைப் பக்கவாட்டில் உரசிக்கொண்டு போகும் கோணம் பல நேரம் நல்லது, ஏனென்றால் பக்க விளிம்பில் எல்.இ.டி. அவ்வளவு ஏறுவதில்லை. திட்டமிடும் மென்பொருள்களில் இப்போது டோஸ் படத்தோடு எல்.இ.டி. படத்தையும் பார்க்க முடியும். உங்கள் மையத்தில் அதைப் பார்க்கிறார்களா என்று மருத்துவ இயற்பியலாளரிடம் கேளுங்கள். கற்றைகள் எங்கே முடிகின்றன என்று படத்தில் காட்டச் சொல்லுங்கள். தயங்காமல் காட்டும் மையம் நம்பிக்கைக்குரியது.

கற்றை நிற்கும் இடமே நிச்சயமில்லை என்பது இதோடு சேரும் இன்னொரு சிக்கல். சி.டி. படத்தின் சாம்பல் நிறத்தை வைத்துத்தான் புரோட்டான் எவ்வளவு தூரம் போகும் என்று கணக்கிடுகிறார்கள். அந்த மாற்றத்தில் வரும் பிழைக்காக, போகும் தூரத்தில் 3.5 சதவீதமும் அதோடு ஒரு மில்லிமீட்டரும் பாதுகாப்பு விளிம்பாகச் சேர்ப்பது பரவலான வழக்கம். 10 செ.மீ. ஆழக் கட்டிக்கு நாலரை மில்லிமீட்டர், 20 செ.மீ. ஆழத்துக்கு எட்டு மில்லிமீட்டர் என்று ஆகிவிடுகிறது. இரட்டை ஆற்றல் சி.டி. இருந்தால் இதைக் குறைக்கலாம். இது போக, உடம்பும் மாறிக்கொண்டே இருக்கும். திட்டம் போட்ட அன்று காற்றோடு இருந்த மூக்குக் குழிவறை மூன்றாம் வாரத்தில் சளியால் நிரம்பினால், அந்த வழியாகப் போகும் கற்றை அத்தனை செ.மீ. முன்னாலேயே நின்றுவிடும், கட்டியின் பின்பகுதிக்கு டோஸ் போகாது. கழுத்து மெலிந்தால் எதிர்மாறாக, கற்றை தாண்டிப்போய்த் தண்டுவடத்தைத் தொடலாம். எக்ஸ்ரேயில் இதே மாற்றம் சில சதவீதத் தவறோடு முடியும், இங்கே அது மொத்த டோஸா, பூஜ்யமா என்ற அளவுக்குப் போகும். எனவே தலை, கழுத்துக் கட்டிகளுக்குச் சிகிச்சையின் நடுவே திரும்பத் திரும்ப சி.டி. எடுத்துச் சரிபார்க்கும் மையத்தையே தேர்ந்தெடுங்கள். எத்தனை வாரத்துக்கு ஒருமுறை என்று முன்பே கேட்டுக்கொள்ளுங்கள்.

முதுகெலும்புக் கட்டிக்கு அறுவை செய்யப்போகிறவர்கள் இதை அவசியம் கவனிக்க வேண்டும். டைட்டானியம் திருகாணிகள் சி.டி. படத்தில் கீற்றுக் கீற்றாக நிழல் வீசும், புரோட்டானின் தூரக் கணக்கையும் குழப்பும். பின்னால் புரோட்டான் தேவைப்படலாம் என்று தெரிந்தால், கத்தி வைப்பதற்கு முன்பே கதிர்வீச்சுக் குழுவோடு பேசிவிடுங்கள். கார்பன் நார் கலந்த பொருத்துகள் கிடைக்கின்றன. வைத்த திருகாணியை மாற்றுவதைவிட இது எவ்வளவோ எளிது. நுரையீரலில் இருப்பது வேறு தொல்லை. கற்றை வருடி வரும்போதே கட்டி மூச்சோடு அசைவதால் சில புள்ளிகள் இரட்டிப்பாகவும் சில விட்டும் போகும். மூச்சை அடக்கிக்கொள்ளச் சொல்வது, ஒரே அடுக்கைப் பலமுறை வருடுவது ஆகியவை அதற்கான தீர்வுகள்.

சரி, யாருக்கு இது வேண்டும்? குழந்தைகளுக்கு, குறிப்பாக மூளையும் முதுகுத்தண்டும் முழுவதுமாகக் கதிர் வாங்க வேண்டிய மெடுலோபிளாஸ்டோமா என்ற பின்மூளைக் கட்டியில், தயக்கமின்றி ஆம். முதுகிலிருந்து நுழையும் கற்றை முதுகெலும்போடு நின்றுவிடுவதால் இதயம், குடல், கருப்பை எதிலும் டோஸ் சிந்துவதில்லை. வளரும் உடம்புக்கு அது பெரிய வரம். மண்டையோட்டு அடித்தளத்தில் வரும் கார்டோமா என்ற எலும்புக் கட்டியில் 70 கிரேயைத் தாண்டிக் கொடுக்க வேண்டும், பக்கத்திலேயே பார்வை நரம்பும் மூளைத்தண்டும். அங்கும் ஆம். கண்ணுக்குள் வரும் மெலனோமா என்ற புற்றுநோய்க்கும், ஒருமுறை கதிர் வாங்கிய இடத்தில் மறுபடி கொடுக்க வேண்டியவர்களுக்கும் ஆம்.

பெரியவர்களின் பொதுவான புற்றுநோய்களில் பதில் ஒரே மாதிரி இல்லை. உணவுக்குழாய்ப் புற்றுநோய்க்கு, நோயாளிகளைக் குலுக்கல் முறையில் இரு பக்கமாகப் பிரித்து எம்.டி. ஆண்டர்சனில் நடந்து 2020-இல் வெளியான சோதனையில் பக்கவிளைவுகளின் மொத்தச் சுமை நவீன எக்ஸ்ரேயில் 2.3 மடங்கு அதிகமாக இருந்தது. நோய் திரும்பாமல் இருந்த காலத்தில் வேறுபாடு இல்லை. வாய்த்தொண்டைப் புற்றுநோய்க்கு 440 பேரை வைத்து நடந்த சோதனையில் நோய்க் கட்டுப்பாட்டில் புரோட்டான் பின்தங்கவில்லை, குழாய் வழியே உணவு செலுத்த வேண்டியிருந்தவர்கள் குறைவு. நுரையீரலில் 2018-இல் வெளிவந்த, கற்றையைப் புள்ளியாக வருடாமல் அகலமாகப் பரப்பிவிடும் பழைய முறையில் நடந்த சோதனையில் எதிர்பார்த்த ஆதாயம் கிடைக்கவில்லை. புராஸ்டேட்டில் 450 ஆண்களை வைத்து நடந்து 2024-இல் முடிவு அறிவிக்கப்பட்ட சோதனையில் இரண்டாண்டு கழித்துக் குடல் தொல்லையில் இரு பக்கமும் சமம். எக்ஸ்ரேயைப்போலப் பல மடங்கு செலவு செய்து சாதாரண புராஸ்டேட் புற்றுநோய்க்குப் புரோட்டான் எடுத்துக்கொள்ள நாங்கள் பரிந்துரைக்க மாட்டோம்.

'புரோட்டான் கட்டியை வலுவாகக் கொல்லும்' என்ற பேச்சையும் இங்கேயே ஒதுக்கிவிடலாம். ஆக்சிஜன் குறைந்த கட்டிச் செல்லைக் கொல்ல எக்ஸ்ரேக்கு இரண்டரை முதல் மூன்று மடங்கு டோஸ் தேவை. புரோட்டானுக்கும் ஏறக்குறைய அவ்வளவே தேவை. ஆக்சிஜன் தடையை ஓரளவு உடைப்பது கார்பன் அயனிகள்தான், அவற்றின் ஆர்.பி.இ.யே இரண்டு, மூன்று. நொடிக்கு 40 கிரேக்கு மேல் பாயும் ஃப்ளாஷ் முறை நல்ல செல்லைக் காப்பாற்றுவதாக விலங்குச் சோதனைகள் சொல்கின்றன. மனிதரில் புரோட்டான் ஃப்ளாஷின் முதல் சோதனை சின்சினாட்டியில் 2020-இல் தொடங்கியது. கை, கால் எலும்புக்குப் பரவிய நோயுள்ள பத்துப் பேருக்கு ஒரே தடவையாக 8 கிரே கொடுத்துப் பார்த்தார்கள், அவ்வளவுதான். இன்று இதைச் சொல்லிச் சேவையை விற்பது முறையல்ல.

கடைசியாக, பழுது. ஒரே சைக்ளோட்ரான் எல்லா அறைக்கும் கற்றை தருவதால், அது நின்றால் எல்லாமே நிற்கும். பராமரிப்புக்கும் பழுதுக்கும் போகும் நாட்களைக் கட்டிச் செல்கள் சும்மா கழிப்பதில்லை. தலை, கழுத்துப் புற்றுநோயில் நான்கு வாரத்துக்குப் பின் கட்டி வேகமாகப் பெருகத் தொடங்குவதால், விட்டுப்போன ஒவ்வொரு நாளும் ஏறத்தாழ 0.6 கிரேயைத் தின்றுவிடும். எந்திரம் எத்தனை நாள் நின்றால் நோயாளியை எக்ஸ்ரேக்கு மாற்றுவார்கள், அதற்கான மாற்றுத் திட்டம் முதல் வாரத்திலேயே போட்டு வைக்கப்பட்டிருக்கிறதா, விட்ட நாளைச் சனிக்கிழமையிலோ ஒரே நாளில் ஆறு மணி நேர இடைவெளி விட்டு இரண்டு சிட்டிங்காகவோ ஈடுகட்டுவார்களா என்பதைப் பணம் கட்டும் முன்பே கேட்டு, எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.